பெறுநர் பெயர்

பணம் இன்னும் வரவில்லை என்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி திரையைப் பார்த்தார்.
“உங்க பேருதாம்மா பிரச்சினை.”

என் பெயர் கியூபா.
த/பெ. சோணைமுத்து, செல்லூர், மதுரை.
கப்பலில் ஏற்றி அனுப்ப
சோப்பும் நோட்டுப் புத்தகமும் கேட்டு
அப்பா வீடுவீடாய் ஏறி இறங்கிய வருடம் பிறந்தவள்.
அண்ணன் பெயர் திமித்ரோவ்.
நியூஜெர்சி போய் டிமி ஆகிவிட்டான்.
எனக்கு இருப்பதே மூன்று எழுத்து,
இதில் எதைச் சுருக்க?

ஜெராக்ஸ் மிஷினுக்கு அவன் அனுப்பிய
ஆயிரத்து இருநூறு டாலர்
கடல் தாண்டுமுன்பே
எந்த ஊரிலோ ஒரு கணிப்பொறி
என் பெயரைப் படித்து நின்றுவிட்டது.
விளக்கம் கேட்டுப் படிவம் வந்தது.
பெறுநர் நாடா, நபரா?
நபர் என்று டிக் அடித்தேன்.
சான்று இணைக்கவும் என்றிருந்தது.

அந்த வாரம்தான் பேப்பரில் செய்தி:
தடையைத் தளர்த்துகிறார்கள்,
தூதரகம் திறக்கிறார்கள்,
விமானம்கூட விடுவார்களாம்.
படிப்பகத்தில் பட்டாசு வெடிக்கும் என்று நினைத்தேன்.
சண்டைதான் வெடித்தது.

“கப்பல் கப்பலா டூரிஸ்ட் வந்து இறங்குவான்.
கடற்கரையை வாடகைக்குக் கேப்பான்.
டாக்டருக்குப் படிச்ச பிள்ள
அவனுக்கு டம்ளர் கழுவும், பாரு”
இது அப்பா.

“பூட்டைத் திற திறன்னு இருபது வருசம் கத்திட்டு
திறக்குறப்ப வாசல்ல குறுக்க படுக்குறியே.
ஊசி மருந்து வாங்க வழி வேணாமா அவனுக்கு?”
இது மாயழகுத் தோழர்,
வடையைப் பிய்த்து
எண்ணெயைத் தலையங்கத்தில் ஒற்றியபடி.

இரவு அண்ணன் போனில் சொன்னான்:
“எங்க ஆபீஸ்ல மயாமிக்காரன் ஒருத்தன்.
திறக்கவே கூடாதுங்கிறான்.
அவன் தாத்தா வீட்டப் பிடுங்கிட்டாங்களாம்.
அவன் சொல்றதையும் கேக்கணும்ல, அப்பா.”
அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு
கொசுவர்த்தி தேடப் போய்விட்டார்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா
தலை நிமிராமல் கேட்டாள்,
“ரெண்டு ஊருக்கும் எம்புட்டுத் தூரம்டி?”
தொண்ணூறு மைல்.
“நம்ம கணக்குல சொல்லு.”
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்:
“இங்கருந்து திருச்சி தாண்டி, திருவெறும்பூர் வரைக்கும்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

திருவெறும்பூரில் பாக்கியம் சித்தி இருக்கிறாள்.
வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள்
சித்தப்பா கேட்டுக்குள் போனார்.
கருங்காலி வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று
அப்பா தீர்மானம் போட்டார்,
ஒரு வாக்கு வித்தியாசத்தில்;
இருந்த வாக்கே ஒன்றுதான்.
அதன் பிறகு பத்திரிகை வந்தால் பிரிப்பதில்லை,
சாவுக்கும் தந்தி இல்லை.
சித்தப்பாவுக்கு அன்று மருந்துக் கடையில்
என்ன பாக்கி இருந்தது என்று
யாரும் கேட்டதில்லை.

அண்ணன் பணத்தைத் திரும்ப வாங்கி
அம்மா பெயரில் அனுப்பினான்.
மூன்றே நாளில் வந்துவிட்டது.
ஒச்சம்மாள் மேல்
உலகத்தில் எந்தக் கணிப்பொறிக்கும் சந்தேகம் இல்லை.
அம்மா இரண்டு தடவை எண்ணி
ஐநூறு ரூபாயை முந்தியில் முடிந்துகொண்டு
மிச்சத்தை என்னிடம் தந்தாள்.

விடியற்காலை மாட்டுத்தாவணிக்கு
ஷேர் ஆட்டோ ஏறப் போனவளிடம்
வாசலில் நின்று அப்பா சொன்னார்,
“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”
“தீர்மானம் போட்டப்ப
என்னையக் கேட்டீகளா?”
அப்பா சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார்.
அது சரியாகத்தான் இருந்தது.
“எப்ப வருவ?” என்றார் பிறகு.
ஆட்டோ கிளம்பிவிட்டது.

மிஷின் வந்து ஐந்து நாள் ஆகிறது.
அம்மா இன்னும் நாலு நாள் ஆகும் என்கிறாள்,
பின்னால் சித்தியின் சிரிப்புக் கேட்கிறது.
அப்பா தானே ரசம் வைக்கிறார்,
உப்பு மட்டும் என்னைக் கேட்கிறார்.

வங்கியிலிருந்து நேற்று இன்னொரு கடிதம்:
விளக்கம் பரிசீலனையில் உள்ளது,
சான்று இன்னும் வரவில்லை.
புது மிஷினில் முதல் நகலாக
என் ஆதார் அட்டையை வைத்தேன்.
பெயர் தெளிவாக விழுந்தது.
முகம்தான் கொஞ்சம் கறுத்துவிட்டது.