பல்லால் இழுக்கும் வில்

துர்க்கு நகரில் பகலெல்லாம் நான் பல் செய்கிறேன்.
பீங்கான் பல். அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால்
முகம் தெரியாத ஒருவர்
ரொட்டி கடிக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவார்.
இரவில்
பதிமூன்று வருடப் பழைய விளையாட்டு ஒன்றைப் பிரித்துப் போட்டு
அதற்குள் ஆள் நுழைய வழி வெட்டுகிறேன்.

தட்டைத் திரைக்கென்று கட்டிய ராஜ்ஜியம்.
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனால்தான் தெரிகிறது
கதவுப்பிடி என் நெற்றிக்கு நேரே இருப்பது,
விடுதிக்காரன் ஏழடி என்பது,
மேசைக்கடியில் குனிந்தால்
பலகை இல்லை, வானம் தெரிகிறது என்பது.
யாரும் குனிவார்கள் என்று கட்டியவர்கள் நினைக்கவில்லை.

முதல் வாரம் தலைசுற்றல், வாளி, இஞ்சி மிட்டாய்.
அப்புறம் கதவுகளை இறக்கினேன்.
நானூற்றுப் பதினொரு கதவுகள்.
முடித்தபோது ஆவுரா ஆறு உறைந்து
அதன்மேல் யாரோ நாயை நடத்திக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம்தான் ரவுமாவிலிருந்து யால்மரி எழுதினான்.
கப்பல் பட்டறை, வெல்டர்.
இடக்கை முழங்கைக்குக் கீழே இல்லை.
வாள் வீசுகிறேன், வில்தான் முடியவில்லை,
ஏதாவது செய்ய வருமா?
ஒரு கை பார்க்கலாம் என்று பதில் போட்டு,
அது போய்ச் சேர்ந்தபின்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இருப்பதே அதுதான், பார், என்றான்.

கடித்த நாக்கிலிருந்துதான் வந்தது யோசனை.
வில்லை முகத்தருகே கொண்டுவா,
நாண் உன் பல்லில் மாட்டிக்கொள்ளும்.
கையை முன்னே நீட்ட நீட்ட வில் வளையும்.
தலைக்கும் கைக்கும் இடையே உள்ள தூரம்தான் விசை.
விடுவதற்கு, ஃபூ என்று ஒரு ஊதல்.
மைக் கேட்டுக்கொள்ளும்.

முதல் பதிப்பில் அது எல்லாவற்றையும் கேட்டது.
தும்மினான்: ஒரு கோழி போயிற்று.
சமையலறையில் காபி இயந்திரம் சீறியது:
பூசாரியின் தொப்பி.
அசல் ஃபின்னிஷ் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்:
காவலர்கள் வந்துவிட்டார்கள்.
சிறைக்குள்ளிருந்து படம் அனுப்பினான்.

மூன்றாம் பதிப்பில், அறுபது தப்படி தூரத்தில், மான் விழுந்தது.
முடிந்தது என்று கணினியை மூடப் போனேன்.

இன்னொன்று, என்றான்.
கீழே ஒரு கை கிடக்கிறது.

இடப்பக்கக் கருவியை அவன் தொடுவதே இல்லை. ஆகவே
விளையாட்டு அவனுக்கென்று கொடுத்த இடக்கை
எங்கே போவதென்று தெரியாமல்
பூச்சியப் புள்ளியில், அவன் பாதங்களுக்கு நடுவே,
விரல் விரித்து மல்லாந்து கிடந்தது.
தோளோடு பொருத்தித் தரட்டுமா, என்றேன்
அவசரமாக, தானம் கொடுப்பவள் மாதிரி.
எடுத்துவிடு, என்றான். அது என்னுடையதில்லை.
என் கட்டைவிரல் கோணல்.

எடுத்தேன்.
எடுத்ததும் சட்டைக்கை வாயைத் திறந்தது.
உள்ளே, மேசைக்கடியில் பார்த்த அதே வானம்.

படம் அனுப்பு, பக்கத்தில் ஒரு காசு வை, அளவுக்கு.
இரண்டு யூரோ நாணயத்தை டேப் போட்டு ஒட்டிய முழங்கை
மறுநாள் வந்தது.
மூன்று இரவுகள். தையல் தழும்பு,
நுனியில் சிறு பள்ளம், குளிரில் சிவக்கும் தோல்.
ஒரு கடைவாய்ப்பல்லுக்குச் செய்வதைப்போலத்தான்.
அரை மில்லிமீட்டர் அதிகம், என்றான்.
வேண்டுமென்றேதான் சொன்னான்.
இருந்தும் செதுக்கினேன்.

நேற்று அவன் விடுதிக்குள் போனதை
அவன் கண் வழியே என் திரையில் பார்த்தேன்.
கதவு இடிக்கவில்லை.
இப்போது அவன் உயரமே இருக்கும் விடுதிக்காரன்
நிமிர்ந்து பார்த்து
எல்லாரிடமும் சொல்வதைச் சொன்னான்:
பனியை உதறிவிட்டு வா, தரை ஈரமாகிறது.

விளையாட்டில் யாருக்கும் கால் கிடையாது.
ஆனாலும் மைக்கில் கேட்டது,
ரவுமாவில் ஒரு பலகைத் தரையில்
இரண்டு தட்டு.