ஓட்டைக்கு விலை

லுஸ்டெனாவில் பனி முழங்கால்வரை கிடந்த வாரம்
லாகோஸிலிருந்து அல்ஹாஜா சிகிராத் வந்து இறங்கினார்.
பலோகன் சந்தையில் மூன்று கடை.
காலில் யாரோ இரவல் தந்த ஆண்கள் பூட்ஸ்.
கைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி.

நான் மூன்றாம் எந்திரம்.
பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை அங்கே.
பத்து கெஜ நீளம், அறுநூற்றுச் சொச்சம் ஊசி,
ஒரே மூச்சில் குத்தி ஒரே மூச்சில் எழும்.
அடியில் ஒரு துணி விரிப்போம்,
சாகவென்றே நெய்த துணி.
அதன்மேல் பருத்தி நூலில் பூ, கொடி,
பூவும் கொடியும் கைகோக்க மெல்லிய பாலங்கள்.
பிறகு வெந்நீர்த் தொட்டி.
துணி கரைந்து கஞ்சித் தண்ணீராய்ப் போகும்;
எதன்மேல் தைத்தோம் என்ற நினைப்பே இல்லாமல்
தையல் மட்டும்
ஈரமாய்த் தொங்கும்.

வெனிஸில் இதையே வெறும் ஊசியால்
காற்றில் தைத்தார்களாம்.
ஃபிளாண்டர்ஸில் நிலவறைக்குள் உட்கார்ந்து,
உலர்ந்த காற்றுப் பட்டால் ஆளிநூல் அறுந்துவிடும் என்று,
கண் போகும்வரை.
ஒரு பிரபுவின் கழுத்துப்பட்டிக்கு
ஒருத்தியின் இரண்டு குளிர்காலம்.
முதலாளி ஹோலென்ஸ்டைன் இதை
விருந்தாளிகளிடம் மட்டும் சொல்வார்,
கூலிப் பேச்சு எழாத நாட்களில்.

அல்ஹாஜா காதில் வாங்கவில்லை.
மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பவர்போல்
கெஜம் கெஜமாய் நகர்ந்தார்.
கடைசி மகள் கல்யாணம்.
குடும்பம் முழுக்க ஒரே துணி, நானூறு பேர்,
மேளம் தட்டுகிறவன்வரைக்கும்.
வெங்காயத்தோல் நிறம்.
"ஓட்டை பெரிதாகவே இருக்கட்டும்,
எங்கள் ஊரில் வியர்வைக்கும் வழி வேண்டும்."

ஏழாம் கெஜத்தில் விரல் நின்றது.
ஒரு பாலம் இல்லை.
என் ஊசி முறிந்த இடம்.
நான்கு நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன்;
அன்று மகனுக்குக் காய்ச்சல்,
கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

"அம்மா, துணியே ஓட்டைதானே" என்றார் ஹோலென்ஸ்டைன்,
சிரித்துக்கொண்டே.
அவர் சிரிக்கவில்லை.
"ஓட்டைக்குப் பணம் கொண்டுவந்திருக்கிறேன்.
கிழிசலுக்குக் கொண்டுவரவில்லை."

மொழிபெயர்ப்பவன் வாய் திறக்குமுன்பே
எனக்குப் புரிந்துவிட்டது.

கழித்துப்போட்ட துணியை
கூலியில் பிடித்துக்கொண்டு என்னிடமே கொடுத்தார்கள்.
சமையலறை ஜன்னலில் மாட்டினாள் ஹெட்விக்.
நான் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டேன்.

மார்ச்சில் வெயில் வந்தது.
மேசைமேல், ரொட்டிமேல், பையனின் கணக்கு நோட்டின்மேல்
பூப்பூவாய் நிழல்.
ஒரே ஓர் இடத்தில்
கட்டைவிரல் அகலம் வெளிச்சம் கூடுதல்.
பூனை அதை மட்டும்
பாதத்தால் அமுக்கிப் பிடிக்கப் பார்க்கிறது,
தூக்கிப் பார்க்கிறது,
மறுபடி அமுக்குகிறது.