தரையில் படாதது

எட்டுக்கும் பத்துக்கும் நடுவே
பெஞ்சலய்யா தனியாக ஒரு எண் வைத்திருக்கிறான்:
தொம்மிதி.
மற்றதெல்லாம் சுத்தமான தமிழ்.
இது மட்டும் தடாவில் ரயிலேறி
டிக்கெட் இல்லாமல்
ஆரம்பாக்கத்தில் இறங்கிய எண்.

முதலில் திருத்தினேன்.
பிறகு ஒருநாள் ஒன்பதை நானே உற்றுப் பார்த்தேன்.
இருபது முப்பதோடு நிற்க வேண்டிய பெயர்
ஒற்றை இலக்கத்தில் வந்து ஒளிந்திருக்கிறது.
தொண்ணூறு இன்னும் மோசம்,
நூறு வருமுன்னே நூறு என்கிறது.
பிளஸ் டூ கணக்கில் நான் வாங்கிய தொண்ணூற்று மூன்றை
ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.
ஸ்வாதிலட்சுமி சந்தேகப்படுகிறாள்:
9 எழுதி, பக்கத்திலேயே 100 எழுதி
ஸ்லேட்டைத் திருப்பிக் காட்டுகிறாள்.
நூற்றியெட்டு வண்டி அவளிடம் 1008.
தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.
காதில் விழுந்ததைத்தானே எழுதினாள்.

பயிற்சி ஏட்டில் எண்ணுவதற்கு
ஸ்ட்ராபெரி கொடுத்திருக்கிறார்கள்.
எங்களிடம் சோடா மூடிகள்,
நெடுஞ்சாலை டீக்கடையில் பொறுக்கியவை.
லாரி ஏறித் தட்டையானது மூடியில் சேருமா என்று
ஒரு வாரம் வழக்கு நடந்தது.
சேரும் என்று தீர்ப்பு.

ரிஸ்வானா எண்ணினால்
நாக்கு பதினொன்றில் இருக்கும், விரல் எட்டில்.
விரலை நான் அவசரப்படுத்துவதில்லை.
காத்திருக்கப் பழக வேண்டியது நாக்குதான்.
ஒரு மூடி, ஒரு சொல்.
ஒரு மூடி, ஒரு சொல்.
தொடாமல் சொல் கிளம்பக் கூடாது.
ஜூலை முழுவதும் இதற்கே போனது.

ஆகஸ்டில் சுற்றுச்சுவர் ஓரம் கூட்டிப்போனேன்.
சோதனைச் சாவடிக்கு முன்னால்
சிமெண்டு, வெங்காயம், என்னவென்று தெரியாத தார்ப்பாய்கள்.
சக்கரம் எண்ணினோம்.
வெளிச்சக்கரத்துக்குப் பின்னால்
இன்னொன்று ஒளிந்திருப்பதை
தசரதன் மகன் குனிந்து கண்டுபிடித்தான்.
அழித்துவிட்டு மறுபடி எண்ணினோம்.

அப்போது வந்தது ஒரு வெறும் லாரி.
நடுவில் ஒரு ஜோடிச் சக்கரம்
தரையை விட்டு ஒரு சாண் மேலே,
கால் மடக்கிய கொக்குபோல.
"டீச்சர், அது தரையிலயே படல.
அத எண்ணணுமா?"
பெஞ்சலய்யாதான்.

பத்து என்றது பாதி வகுப்பு.
பன்னிரண்டு என்றது மீதி.
பதினொன்று என்று சமாதானம் பேசினாள் ஸ்வாதிலட்சுமி.
நான் கிளீனரைக் கேட்டேன்.
பீடியை எடுக்காமலே சொன்னார்,
"லோடு ஏறினா இறங்கிக்கும்மா."
அது நாங்கள் கேட்டதற்கு விடையில்லை.
மணி அடித்துவிட்டது.

செப்டம்பரில் பெஞ்சலய்யா வரவில்லை.
சூலூர்பேட்டைக்கு அப்பால் இறால் பிடிப்பு,
அப்பா அம்மா போனால் அவனும்.
அங்கேயும் ஒரு பள்ளிக்கூடத்தில்
அவன் பெயர் இருக்கிறதாம்.
அங்கே எப்படி எண்ணுகிறானோ,
எட்டுக்குப் பிறகு ஒருவேளை
எங்கள் ஒன்பதைச் சொல்லி
அடி வாங்குகிறானோ.

ஒன்பதரைக்குச் சத்துணவு அக்கா வாசலில் நிற்கிறாள்.
"எத்தன முட்டை டீச்சர்?"
பதிவேட்டில் இருபத்தெட்டு.
பாயில் இருபத்தேழு.
"இருங்கக்கா, ரிஸ்வானா எண்ணட்டும்."

எழுந்து வருகிறாள்.
ஒரு தலை, ஒரு சொல்.
ஒரு தலை, ஒரு சொல்.
ஆறு, ஏழு, எட்டு.
ஜன்னலோரம் வந்ததும் விரல் நிற்கிறது.
குனிந்து
காலிப் பாயைத் தொடுகிறாள்.

தொம்மிதி.

அடுத்த தலைக்குப் போகிறாள், பத்து.

ஒருவரும் சிரிக்கவில்லை.
"சீக்கிரம் சொல்லுங்க" என்கிறாள் அக்கா,
"தண்ணி கொதிக்குது."