மூன்றாவது சட்டை

கூரியரில் வந்தது மூன்றாவது சட்டை.
முதல் சட்டை பச்சை, பையில் ஒரு இலை.
அடுத்தது நீலம். இலை பாதியாகி
ஒரு துளியோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
இது சாம்பல். இலையும் இல்லை, துளியும் இல்லை,
வெறும் வட்டம். எதன் வட்டமென்று
கோவை மீட்டிங்கில் யாரும் கேட்கவில்லை.

திரையில் புதுத் தலைவர் பேசினார்:
"இனி நாம் ஒரே குடும்பம்."
போன தலைவரும் அதையே சொல்லி
பதினோரு மாதம் இருந்தார்.
பிரியாணி வருவதற்குள்
நீலகிரியும் கொடைக்கானலும் ஒரே ஏரியா.
இரண்டு மலைக்கு ஒரு பைக்.
கொடைக்கானல் சந்தனராஜ்
தயிர்ப்பச்சடியைக் கிண்டிக்கொண்டே இருந்தான்,
சாப்பிடவில்லை.

கேத்தி பாலாடாவில் மழை.
லத்தீஃப் பாய் கடைப் பலகையில்
புதுப் பெயின்டைத் தாண்டி
பழைய பெயரின் 'ரி' மட்டும் எட்டிப்பார்க்கிறது.
"அடுத்த தடவை இணையும்போது சொல்லு தம்பி,
கரும்பலகை மாட்டிடறேன். சாக்பீஸ் போதும்."
சிரித்தபடியே எடுத்தார்
வராத தள்ளுபடிப் பணத்தின் ரசீதுக் கட்டை.
மூன்று கம்பெனி. ஒரே ரப்பர் பேண்ட்.

மருந்து மாறவில்லை.
அதே நெடி. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்.
கேரட் கழுவும் மெஷினருகே நிற்பவர்கள்
பெயர் சொல்லி வாங்குவதேயில்லை,
"செவப்பு மூடி ஒரு லிட்டரு."

லிங்கி மட்டும் பெயர் கேட்டாள்.
மாசியில் அடித்தது.
நாலாம் நாள் ஒன்றரை ஏக்கர் கேரட் இலை
வெந்நீர் ஊற்றினாற்போல் தீய்ந்துபோனது.
புகார் எண் 4417.
எழுதிக் கொடுத்தது நான், படம் எடுத்தது நான்,
நீலச் சட்டையில்.

"அந்தப் பொறுப்பு பழைய நிறுவனத்தைச் சேர்ந்தது"
என்று வந்த மெயிலை
பாத்தி வரப்பில் நின்று தமிழில் சொன்னேன்.

"பழைய கம்பெனி எங்க இருக்கு?"
"இப்ப இல்லீங்க."
"அதுக்கு நான் கட்டின காசு?"
மழைக்கோட்டின் ஜிப்பை
மேலே இழுத்தேன், கீழே இழுத்தேன்.
"அது... இருக்கு."

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
மண்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
போனை எடுத்தாள்.

"அங்கயே நில்லுங்க.
நாளைக்கு வேற ஒருத்தன் வந்து
நீங்களே பழைய ஆளுன்னு சொல்லுவான்."

தீய்ந்த இலையை நான் எடுத்ததுபோலவே
ஒரு படம் கிட்டத்தில், ஒன்று தள்ளி நின்று.

"கோட்டைத் திறங்க.
அந்த வட்டம் தெரியலை."