பத்து மணிக்கு ஏற வேண்டியது

அமுக்கத்துக்கும் வற்றுப்பெருக்கு உண்டு.
காலை பத்துக்கு உச்சி, பின்னேரம் நாலுக்குத் தாழ்வு,
இரவு பத்துக்கு மறுபடி.
கடலைப் போலச் சத்தம் போடாததால் யாருக்கும் தெரியாது.
பதினொரு வருடமாய் இந்த உருளைத் தாளில்
ஊதா மை அந்த இரண்டு திமில்களையும்
நாள் தவறாமல் வரைந்திருக்கிறது,
ஊரடங்கு நாட்களிலும்.

இன்று பத்து மணிக்குப் பேனா ஏறவில்லை.

கண்ணாடியில் விரலால் தட்டினேன்.
தட்டக்கூடாது என்று பயிற்சியில் சொன்னவர்களும்
தட்டுவார்கள்.

கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தில்
முல்லைத்தீவுக்குக் கிழக்கே முந்நூற்றுப் பத்துக் கிலோமீற்றரில்
இன்னும் பேர் வைக்காத ஒன்று.
அதன் வாயிலிருந்து வெள்ளையாய் விரிகிற கூம்புக்குள்
பருத்தித்துறையும் இருக்கிறது, நாகப்பட்டினமும் இருக்கிறது.
நடுக்கோட்டை மட்டும் பார்க்காதேங்கோ என்று
கச்சேரிக் கூட்டத்தில் மூன்று தரம் சொன்னேன்.
எல்லோரும் போனைத் தூக்கி
நடுக்கோட்டைத்தான் படம் எடுத்தார்கள்.

உரும்பிராயிலிருந்து யோகமலர்:
"அறுபது வீதம் எண்டால் வருமோ, வராதோ?"
இப்பிடிப் பத்து நாள் வந்தால் ஆறு நாள் அடிக்கும், அக்கா.
"என்னட்டப் பத்து நாள் இல்லைப் பிள்ளை.
நாளைக்கு எண்டு ஒரு நாள்தான் கிடக்கு.
வெங்காயம் இன்னும் முத்தேல்லை. கிண்டவோ, விடவோ?"
கிண்டுங்கோ என்றேன்.
அந்தச் சொல் எந்த அறிக்கையிலும் இல்லை.
நான்தான் சொன்னேன்.

முனையிலிருந்து எமில்டா.
அவள் வீதம் கேட்கவில்லை.
"இவர் புதன்கிழமை போனவர்.
உங்கட படத்தில வள்ளம் தெரியுமோ?"
செய்மதிப் படத்தில் ஒரு புள்ளியின் அகலம்
நாலு கிலோமீற்றர்.
மேகம் மட்டும்தான் தெரியும் என்றேன்.
"எவ்வளவு மேகம்?"

காலை எட்டரைக்கு வாசிப்பு எடுத்ததும்
நானே கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

ஒன்பதுக்கு மின்சாரம் போனது.
காற்றுமானியின் முகப்பு இருண்டது.
குகபாலன் முற்றத்தில் நின்று
லேஞ்சியை உயர்த்திப் பிடித்தான்,
நான் டோர்ச் அடித்தேன்.
பதினொன்றரைக்கு வாடை.
தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.
கைதடிப் பக்கம் எங்கோ தகரம் கழன்று
வானத்தில் ஒருதரம் அடித்தது, பிறகு கேட்கவில்லை.
இரண்டரைக்கு லேஞ்சி தென்கிழக்கே இழுத்தது.
ஐந்தரைக்கு நேர் கிழக்கே.

கார்த்திகை மழைக்குள் கச்சான் காற்று!
அது எங்களுக்குக் கிழக்கால் கடந்து
வடக்கே ஏறிவிட்டது என்று அர்த்தம்.
"போட்டுது," என்றான் குகபாலன், லேஞ்சியைப் பிழிந்தபடி.
இருவரும் சிரித்தோம்.
சிரிப்பு முடிய முதலே எனக்குத் தோன்றியது:
நீரிணைக்கு அப்பால் ஏதோ ஒரு நிலையத்தில்
யாரோ இப்போது கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

எட்டரை. மழை நூற்றுப் பதினேழு மில்லிமீற்றர்.
எழுதி அனுப்பினேன்.
யோகமலர் எடுத்தாள்.
"ஒரு ஓடும் பறக்கேல்லைப் பிள்ளை."
கோபமில்லை, அதுதான் கஷ்டம்.
படங்குக்குக் கீழே பெருவிரல் நகமளவு வெங்காயம்
நாலு பரப்புக்கு.
கிண்டாமல் விட்டிருந்தால்
நூற்றுப் பதினேழு மில்லிமீற்றரில் அழுகியிருக்கும்
என்று சொல்ல வந்தேன்.
சரி, பிள்ளை, நித்திரை கொள்ளும் என்று வைத்துவிட்டாள்.

புதுக் கூம்பு வந்திருக்கிறது.
நேற்றையதைவிட ஒடுங்கி,
எங்களை வெளியே விட்டு.

எமில்டாவின் இலக்கம் கொப்பியின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிக் கிடக்கிறது.
எட்டரை தாண்டிவிட்டது.
இப்போது ஒன்பது ஐம்பத்திரண்டு.
கையில் போன்.
பத்துக்குப் பேனா ஏறுகிறதா என்று
முதலில் பார்த்துவிடுகிறேன்.