குறைந்தபட்ச உத்தரவாதம்

கருடபுரியை விட்டுவிடலாம் என்று
சம்பங்கி சொன்னபோது
ஓசூர் சிப்காட்டில் கரண்ட் இல்லை.
மோல்டிங் மெஷினின் வாயில்
பாதி இளவரசன் உறைந்திருந்தான்.

நான் கணக்கைத் திறந்தேன்.
படக் கம்பெனிக்கு நூற்றுக்குப் பதினான்கு.
அது போக,
விற்றாலும் விற்காவிட்டாலும்
வருஷத்துக்கு நாற்பது லட்சம்.
அதற்குப் பெயர் குறைந்தபட்ச உத்தரவாதம்.
உத்தரவாதம் அவர்களுக்கு,
குறைந்தபட்சம் எங்களுக்கு.

முப்பது மில்லிமீட்டர் ராஜாவின் மூக்கு
மும்பைக்குப் போய்
நான்கு மாதம் கழித்துத் திரும்பியது:
நடிகரின் மூக்கு இன்னும் கூர்மையாம்.
முனிரத்னம் எஃகு அச்சில்
மயிரிழை சுரண்டினார்.
மறுபடி மும்பை.
அதற்குள் முதல் பாகம் ஓடி முடிந்து
இரண்டாம் பாகம் படுத்து
மூன்றாம் பாகம் கோர்ட்டில்.

ஆனாலும் நன்றி மறக்கக் கூடாது.
'மேசை மேல யுத்தமா, யார் வாங்குவா' என்ற கடைக்காரர்கள்
பெட்டியில் அந்த முகத்தைப் பார்த்துத்தான்
ரேக்கில் ஓரடி இடம் தந்தார்கள்.
அந்த ஓரடியின் ஓரத்தில் ஒண்டித்தான்
எங்கள் சொந்தப் பெட்டி
பெயர் வாங்கியது.

சம்பங்கி டீ கிளாஸால்
மேசையில் ஈர வட்டங்கள் வைத்தான்.
"தில்ஷாத், ஒருத்தன் ராஜாவ
எத்தன வாங்குவான்?"
ஒன்று.
"காலாள?"
நாற்பது. தோற்றுப்போனால் அறுபது.
"மூஞ்சி இல்லாதவன்தான்
நமக்குச் சோறு போடுறான்."

ஒப்பந்தத்தின் பதினேழாம் பத்தி:
தொண்ணூறு நாள் விற்றுக்கொள்ளலாம்.
பிறகு அழிக்க வேண்டும்.
அழித்ததைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

பாதி விலை என்றதும்
இரண்டு வருஷம் அசையாத பெட்டிகள்
பதினோரு நாளில் கால் முளைத்து நடந்தன.
சம்பங்கிக்கு ஒரு சாயங்காலம் மனசு ஆடியது.
எனக்கு ஆடவில்லை.
அடக்க விலைக்குக் கீழே விற்பது
வியாபாரமில்லை, வழியனுப்புதல்.

சாத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார்:
மூணு படை வச்சிருக்கேன்,
நாலாவது யானைப்படை
பெட்டிக்குப் பின்னாடி படம் போட்டிருந்தீங்க,
எப்ப வரும்?

யானைக்கு நாங்கள் அச்சே வெட்டவில்லை.
பதிலுக்கு ஒரு வரி தேடினேன்.
'வணிகக் காரணங்களால்' என்பதைத் தாண்டி
என் தமிழ் நகரவில்லை.
அந்தக் கடிதம் இன்னும்
'நிலுவை' கோப்பில் இருக்கிறது.

கடைசி நாள்
மிச்ச ராஜாக்களை அரவையில் கொட்டினோம்.
சாம்பல் நிறத்தில்
நொய்யரிசி மாதிரி விழுந்தார்கள்.
முனிரத்னம் கிரைண்டரை எடுத்து
அந்த மூக்கின் குறுக்கே
ஒரு கோடு இழுத்தார்.
அவர் முகம் விழாமல்
படம் எடுத்தேன்.

அடுத்த வரிசைக்கு ஆள் தேடிப் போனோம்.
கெலமங்கலம் தாண்டி ஒரு கொள்ளு வயல்,
நடுவே இடுப்பளவு கல்.
கையில் வில், இடையில் குறுவாள்,
காலடியில் மாடுகள்.
ஆநிரை மீட்க நின்று விழுந்தவன்.
முனிரத்னம் விரலால் தடவிப் பார்த்தார்:
"மூக்கே தேஞ்சு போச்சு.
யாருகிட்டயும் கேக்க வேண்டாம்."

வெட்சி ஒரு பெட்டி, கரந்தை ஒரு பெட்டி.
மாடு தனியாக, பாக்கெட்டுக்குப் பத்து.
மனக்கணக்கிலேயே லாபம் தெரிந்தது.
செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆனவன்
பங்கு கேட்க மாட்டான்.

வயல்காரர் கெம்பண்ணா
வேலியோரம் நின்று
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.
"பொம்ம செஞ்சு வித்தா
இவருக்கு என்ன குடுப்பீங்க?"

யாரும் பேசவில்லை.

"நாங்க பொங்கலுக்குப் பொங்கல்
ஒரு தேங்கா, ஒரு உழக்கு எண்ணெய்.
வெளஞ்சாலும்,
வெளயலன்னாலும்."

சம்பங்கி என்னைப் பார்த்தான்.
கணக்குப் புத்தகம்
காரில் இருந்தது.