தேங்காய் எண்ணெய் உறையும் மாதம்

முதுநகர் ஐஸ் கம்பெனியில் எனக்கு ராத்திரி டோக்கன் வேலை.
எத்தனை பார், எந்தப் படகு, கடனா ரொக்கமா.
விடிய நாலரைக்குச் சைக்கிளை எடுத்தால்
கெடிலம் பாலம் ஏறி இறங்கி மஞ்சக்குப்பம்.

மார்கழி எட்டாம் தேதி
பாலத்து ஏற்றத்தில் மிதி வெறுமனே சுற்றியது.
செயின் ஓடுகிறது, பல்சக்கரம் ஓடுகிறது,
பின்சக்கரம் மட்டும்
கூப்பிட்டது காதில் விழாதவர் போல
நிற்கிறது.
தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

பத்து மணிக்குத் தஸ்தகீர் கடை.
ஸ்டாண்டு போட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.
கப்பென்று பிடித்தது.
"நல்லாத்தானேம்மா இருக்கு?"
டாக்டரைக் கண்டதும் பல்வலி நின்றுபோன மாதிரி
எனக்கு வெட்கம்.
"சந்தேகமா இருந்தா புது ஃப்ரீவீல் போட்டுடலாம், நூத்தி எண்பது."
சந்தேகத்துக்கு நூத்தி எண்பது அதிகம்.

மறுநாள் விடியலிலும் அதே பாலம், அதே வெறும் சுற்று.
அதற்கு மறுநாளும்.
வெயில் வந்தால் சரியாகிவிடுகிற நோய்.

ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போனவள்
எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.
வெள்ளையாய்க் கழுத்துவரை உறைந்திருந்தது.
அப்போதுதான் உறைத்தது.

கார்த்திகை மழையில் கிறீச்சிட்டதே என்று
தலைக்கு வைத்தது போக மிச்சத்தை
சக்கரத்துக்கும் விட்டவள் நான்தான்.
நிறுத்துவதோ ஐஸ் தொட்டியின் பின்சுவரோரம்.
ராத்திரி முழுக்க அதுவும் அங்கே
ஐஸாகிக்கொண்டிருந்திருக்கிறது.

குளிக்கவில்லை. பேப்பர் விரித்தேன்.
மேல்மூடியில் இரண்டு குழி. அதில் ஆணி, ஆணிமேல் சுத்தியல்.
இடப்பக்கம் தட்டத் தட்ட இன்னும் இறுகியது.
இந்த மூடிக்கு மட்டும் மரை தலைகீழ்,
பூட்டுகிற பக்கம் திருப்பினால் திறக்கும்.
இப்படி ஆட்களை எனக்குத் தெரியும்.

உள்ளே கடுகுக் குண்டுகள், கறுத்த பிசின்,
துரு, ஐஸ் தொட்டி உப்பு.
எல்லாவற்றுக்கும் அடியில்
நகக்கண் அளவில் இரண்டு நாக்கு.
மயிரிழை ஸ்பிரிங் தூக்கி நிறுத்த வேண்டியவை
குழிக்குள் ஒட்டிப் படுத்திருந்தன.
இவ்வளவுதானா?
நான் ஐம்பத்தெட்டு கிலோ,
கேரியரில் சில நாள் இரண்டு கிலோ சங்கரா,
அத்தனையும் வீடு சேர்வது
இந்த இரண்டு நாக்கு சொன்ன சொல்லில் நிற்பதால்.

மண்ணெண்ணெய், பழைய பல்தேய்க்கும் பிரஷ்.
நகத்தால் அமுக்கி விட்டேன். டிக்.
குண்டுகளுக்குக் கிரீஸ்.
நாக்குக்குக் கெட்டியானது எதுவும் ஆகாது,
தையல் மிஷின் எண்ணெய், ஆளுக்கொரு சொட்டு.

எடுக்கும்போது எழுபத்தாறு குண்டு.
போடும்போது எழுபத்தைந்து.
எண்ணுவது என் தொழில், தப்பாது.
சுடர் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
நாய்க்குட்டி போலத் தரையெல்லாம் இழுத்தாள்.
மூன்று ஊக்கு, அரை பிளேடு.
தஸ்தகீருக்குப் போன் போட்டேன்.
"ஒண்ணு குறைஞ்சா ஓடும்மா. கூடினாத்தான் சிக்கும்."

இப்போதெல்லாம் பாலத்து உச்சியில்
மிதிப்பதை நிறுத்திவிடுகிறேன்.
கால் சும்மா இருக்கச் சக்கரம் போகிறது,
டிக்டிக்டிக்டிக் என்று
யாரோ எனக்காக எண்ணிக்கொண்டு வருகிற மாதிரி.
கீழே கெடிலம் இன்னும் கறுப்பு.
எட்டு மணிநேரம் ஊரார் கணக்கு.
இந்த அரை நிமிஷம் எந்த நோட்டிலும் ஏறாது.

போகியன்று கோலமாவு டப்பாவில்
விரலில் தட்டியது அது,
மாவு பூசிக்கொண்டு,
எந்தக் கோலத்திலும் சேராத ஒரு புள்ளி.
ஓடுவதைத் திறப்பானேன் என்று விட்டுவிட்டேன்.
டோக்கன் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.
இழுத்தால் முன்னால் உருண்டு வரும்,
மூடினால் பின்னால் போகும்.
அதற்கு இரண்டு பக்கமும் வழி.